பழைய பர்ஸும் திரும்பிய கழுத்தும்

காதோரம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பேய்ப்படங்களைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் அந்தச் சிறுமியின் கழுத்து திரும்பும் சத்தம் ஒரு தோல் பர்ஸிலிருந்து வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதோடு வந்தது வினை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று எல்லாப் பக்கமிருந்தும் அந்த ஒரு படத்தைப் பற்றியே கேள்விகள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 1973 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் வெளியான படம். வில்லியம் பீட்டர் பிளாட்டியின் நாவல், அவருடைய திரைக்கதை, இயக்கம் வில்லியம் ஃப்ரீட்கின். வாஷிங்டனில் தங்கியிருக்கும் ஒரு நடிகையின் 12 வயது மகளுக்குப் பேய் பிடிக்கிறது. டாக்டர்கள் கைவிரித்த பிறகு இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்கள் வந்து ஓட்டப் பார்க்கிறார்கள். என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அந்தேரிப் பக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் முப்பத்தோரு வருஷம் காலடிச் சத்தம், கதவுச் சத்தம், கன்னத்தில் விழும் அறைச் சத்தம் எல்லாம் போட்டவன். அந்தக் காலத்து இந்திப் படங்கள் சிலவற்றில் ஹீரோ கம்பீரமாக நடந்து வந்தால், அது என் செருப்பு.

தோல் பர்ஸைத் திருகினால் கழுத்து திரும்பும் சத்தம் வருமா? என் மகன் நம்ப மறுக்கிறான். எனக்கும் சந்தேகம்தான். (வாசகி, முலுண்டு)

நானும் முதலில் நம்பவில்லை அம்மா. செய்து பார்த்துத்தான் நம்பினேன்.

கொன்சாலோ கவீரா என்று மெக்சிகோவில் ஓர் ஒலிக்காரர். 'எல் டோப்போ' என்ற படத்தில் அவருடைய வேலையைக் கேட்டு அசந்துபோன ஃப்ரீட்கின், அவரை வரவழைத்தார். மனிதருக்கு ஆங்கிலம் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. கூட இருந்த ஒருவரிடம் வெடிப்பு விட்ட பழைய தோல் பர்ஸ் ஒன்றை வாங்கினார், மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு முறுக்கினார். எலும்பு நெரிகிற அந்தச் சத்தம் அதுதான்.

இதைப் படித்த வாரமே நான் தாராவிக்குப் போய், சயான் பாந்த்ரா லிங்க் ரோட்டில் இருக்கிற தோல் கடை ஒன்றில் நல்ல பர்ஸாக ஒன்று வாங்கினேன். முறுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. புதுத்தோலில் எண்ணெய் ஊறியிருக்கும், மெத்தென்று மடங்கும், பூனைக்குட்டியைத் தூக்கினால் மடங்குகிற மாதிரி. காசு தண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் பர்ஸ் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் அவருடைய பின்பாக்கெட்டில் இருந்து, ஒவ்வொரு ஜூலையிலும் நனைந்து, ஒவ்வொரு அக்டோபரிலும் காய்ந்து கருவாடாகியிருந்தது. அதை மைக்கிலிருந்து ஒரு விரல் தூரத்தில் வைத்து மெதுவாகத் திருகினேன். நெறுநெறுவென்று ஆரம்பித்து, பாதித் திருகலில் 'டக்' என்று ஒரு முறிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் பிடரியைத் தடவிக்கொண்டார். அந்த 'டக்' தோலிலிருந்து வரவில்லை. அப்பாவின் லோக்கல் ரயில் பாஸ் அதற்குள்ளேயே இருந்தது. பிளாஸ்டிக் உறை ஒடிந்த சத்தம் அது.

படத்தில் தலை முழுவட்டம் திரும்புவது டிக் ஸ்மித் என்ற ஒப்பனை மேதையும் அவருடைய ஆட்களும் செய்த பொம்மை. அதை ஒரு டாக்சியில் உட்கார வைத்து நியூயார்க் தெருக்களில் கொண்டுபோய், போகிறவர் வருகிறவரைப் பார்த்துத் தலையைத் திருப்பவிட்டுச் சோதித்தார்களாம். உங்கள் மகனிடம் அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொம்மை என்று அவனே சொல்வான்.

அந்த ஆண்குரல் மாதிரியான பேய்க்குரல் சிறுமியின் குரலா, டப்பிங்கா? (டப்பிங் கலைஞர், கோரேகாவ். பேர் போட வேண்டாம் என்றிருக்கிறார்)

டப்பிங்தான். ஆனால் ஆண் இல்லை, ஒரு பெண்மணி. மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். 'ஆல் த கிங்ஸ் மென்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், அதற்கும் முன்னால் ரேடியோ நாடகங்களில் கொடிகட்டிப் பறந்தவர். ஆர்சன் வெல்ஸ் அவரை உயிரோடிருக்கும் ரேடியோ நடிகர்களிலேயே தலைசிறந்தவர் என்று சொல்லியிருக்கிறார். சிலோன் ரேடியோ நாடகம் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது புரியும். முகமே இல்லாமல் குரலை மட்டும் வைத்து ஒரு ஆளை நிற்கவைக்கிற வித்தை வேறு, நடிப்பு வேறு.

பச்சை முட்டையை விழுங்கினார், சிகரெட்டை விடாமல் ஊதினார், விஸ்கி குடித்தார். இதில் கடைசிதான் கொடுமை. அவர் குடிப்பழக்கத்திலிருந்து பெரும்பாடுபட்டு மீண்டவர். குரலுக்காக மறுபடியும் குடிக்க முடிவெடுத்தபோது, பக்கத்தில் பாதிரியார்கள் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிறுமியைக் கட்டிலில் கட்டிப்போடும் காட்சிகளுக்கு இவரையும் கிழித்த துணிகளால் நாற்காலியோடு கட்டிவைத்துத்தான் பேசவைத்தார்கள். நெஞ்சில் பழைய சளித்தொல்லை வேறு. பேய் பேசும்போது பின்னால் பத்துப்பதினைந்து மூச்சுகள் சேர்ந்து இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அது அவருடைய சொந்த நெஞ்சு. அதோடு தேனீ, நாய், பன்றிச் சத்தங்களையும் கலந்தார்கள்.

இவ்வளவும் செய்தவருடைய பேர் முதலில் வெளியான பிரதிகளில் இல்லை. சிறுமியாக நடித்த லிண்டா பிளேருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, குரலும் அந்தப் பிள்ளையுடையது என்றே பலரும் நினைத்தார்கள். மெக்கேம்பிரிட்ஜ் சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டு, சங்கத்தை வைத்துக் கேட்டு, பிறகு பேரைச் சேர்க்க வைத்தார்.

எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. ஒரு படம், பேர் வேண்டாம், இருபத்தேழு ராத்திரி வேலை. வெளியானதும் அம்மாவை சயானில் ஒரு தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனேன். டைட்டில் ஓடுகிறது. சாப்பாடு போட்டவர் பேர் வந்தது. தப்பில்லை, நல்ல சாப்பாடு. என் பேர் வரவில்லை. "எங்கடா உன் பேரு?" என்று அம்மா கேட்டாள். "வேகமா போயிருச்சும்மா, நீ கவனிக்கல" என்றேன். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமியிடம், "எம் பையன் பேரு வந்துச்சு, எனக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பச்சை முட்டை, விஸ்கி எல்லாம் முயற்சி செய்ய வேண்டாம். வெந்நீரும் தூக்கமும் போதும். தொண்டை போனால் சோறு போச்சு.

அந்தப் பச்சை வாந்தி என்ன சாமான்? (மாணவர், செம்பூர்)

பட்டாணி சூப், கொஞ்சம் ஓட்ஸ் கஞ்சி. நம்மூர் ரகடாவை மிக்ஸியில் அடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பனைக்கு அடியில் மெல்லிய குழாய் ஓட்டிப் பீய்ச்சினார்கள். நெஞ்சில் விழும் என்று சொல்லித்தான் இளைய பாதிரியார் காரஸாக நடித்த ஜேசன் மில்லரை நிற்கவைத்தார்கள். போய் மூஞ்சியில் அடித்தது. படத்தில் அவர் காட்டுகிற அருவருப்பு சொந்த அருவருப்பு.

இது உண்மைச் சம்பவம் என்கிறார்களே, எந்த அளவுக்கு உண்மை அண்ணாச்சி? (வாசகர், 90 அடி ரோடு, தாராவி)

விதை உண்மை. மரம் பிளாட்டி வளர்த்தது.

1949இல் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் பதின்வயதுப் பையன் ஒருவனுக்கு என்னவோ ஆகிறது. செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கூட்டிப்போய், இயேசு சபைப் பாதிரியார்கள் வாரக்கணக்கில் ஜெபம் செய்து ஓட்டியதாகச் செய்தி. அதை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் படித்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர்தான் பிளாட்டி. இருபது வருஷம் மனசுக்குள் ஊறப்போட்டு, 1971இல் நாவலாக வெளியிட்டார். பையனின் குடும்பத்துக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று சிறுமியாக மாற்றினார். தலை சுற்றியது, பாதிரியார்கள் செத்தது எல்லாம் கற்பனை. அந்தப் பையனுக்கு வந்தது பேயா, மனநோயா, குறும்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொரு வேடிக்கை, பிளாட்டி அதுவரை நகைச்சுவை எழுத்தாளராகத்தான் அறியப்பட்டவர்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்தப் பையன் வீட்டில் முதலில் வந்தது உருவமோ நிழலோ இல்லை, சுவரைச் சுரண்டுகிற சத்தம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். படத்திலும் பேய் முதலில் தலைகாட்டுவது பரணில் பிராண்டும் சத்தமாகத்தான். எலி என்று நினைத்து அம்மாக்காரி பொறி வைக்கச் சொல்கிறாள். வேலைக்காரர் போய்ப் பார்த்தால் எலியே இல்லை. பம்பாயில் எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். இங்கே எந்தப் பரணில் எலி இல்லை?

படப்பிடிப்பில் நிறையப் பேர் செத்துப்போனார்கள், செட் எரிந்தது, ஆனால் பேய் அறை மட்டும் எரியவில்லை. இது சாபம் இல்லாமல் என்ன? (வாசகி, டோம்பிவிலி)

செட் எரிந்தது நிஜம். சிறுமியின் படுக்கையறை தப்பியதும் நிஜம். ஏன் எரிந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம், ஒரு புறா மின்பெட்டிக்குள் புகுந்துவிட்டது. ஆறு வாரம் வேலை நின்றது. தாதரிலோ கிங்ஸ் சர்க்கிளிலோ குடியிருக்கிற யாரிடமாவது கேளுங்கள். புறா எதையெல்லாம் செய்யும் என்று சொல்வார்கள். என் ஜன்னல் ஏசிக்குள் முட்டையே போட்டிருக்கிறது.

அதன் பிறகு செட்டில் எல்லோருக்கும் உதறல். ஆலோசகராக இருந்த பாதிரியார் தாமஸ் பெர்மிங்ஹாமிடம் செட்டுக்கே பேயோட்டச் சொல்லிக் கேட்டார்கள். அப்படிச் செய்தால் பயம் கூடத்தான் செய்யும் என்று மறுத்துவிட்டு, எல்லோரையும் ஆசீர்வதித்துப் போனார். விவேகமான மனிதர்.

சாவுகள்? இயக்குநர் வேடத்தில் நடித்த ஜாக் மெக்கௌரன் தன் காட்சிகளை முடித்த பிறகு, 1973 ஜனவரியில் காய்ச்சலில் இறந்தார். பாதிரியாரின் தாயாக நடித்த மூதாட்டி அடுத்த மாதம் இறந்தார். 1972 ஆகஸ்டில் தொடங்கிய படப்பிடிப்பு, போட்ட கணக்கையெல்லாம் மீறி 200 நாளுக்கு மேல் இழுத்தது. அத்தனை மாதமும் அத்தனை பேருடைய குடும்பத்திலும் சாவே விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் கட்டடத்தில் முப்பது வீடு. ஒரு வருஷத்துக் கணக்கை எடுத்தால் எங்களுக்கும் சாபம் என்றுதான் வரும்.

சாபம் என்று ஒன்று இருந்தால், அது இயக்குநர் ஃப்ரீட்கின்தான். தாயாக நடித்த எலன் பர்ஸ்டினை மகள் அறைந்து தள்ளும் காட்சி. இடுப்பில் கயிறு கட்டிப் பின்னாலிருந்து ஒருவர் இழுக்கவேண்டும். ரொம்ப வேகமாக இழுக்கிறார், அடிபட்டுவிடும் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொன்னார். அடுத்த டேக்கில் இன்னும் பலமாக இழுத்தார்கள். முதுகெலும்பின் அடிநுனி தரையில் மோதியது. படத்தில் இருக்கிற அலறல் அந்த வலி. வருஷக்கணக்கில் முதுகுவலியோடு திரிந்தார். லிண்டா பிளேரைக் கட்டிலில் தூக்கித் தூக்கிப் போடும் கருவியின் கட்டு தளர்ந்து அந்தப் பிள்ளைக்கும் முதுகில் அடி. 14 வயது! நடிகர்கள் திடுக்கிடவேண்டும் என்பதற்காகச் செட்டில் துப்பாக்கி வெடித்தார். காரஸின் நண்பர் பாதிரியார் டயராக நடித்த வில்லியம் ஓ'மாலி நிஜ வாழ்க்கையிலும் பாதிரியார். கடைசிக் காட்சியில் கை நடுங்கவில்லை என்று அவரை நம்பிக்கையோடு நிற்கவைத்துக் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு, உடனே கேமராவை ஓடவிட்டார்.

இதையெல்லாம் அர்ப்பணிப்பு என்று புல்லரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் புல்லரிக்கவில்லை. அறைச் சத்தம் வேண்டுமென்றால் நாங்கள் யாரையும் அறைவதில்லை. என் தொடையில் நானே அடித்துக்கொள்வேன், ஈரத்துணியில் மடித்த ரொட்டிமாவை அடிப்பேன். முப்பத்தோரு வருஷத்தில் ஆயிரம் வில்லன்களை அடித்திருக்கிறேன், தொடை சிவந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் படத்தில் நடுங்கவைக்கிற இடங்கள் எல்லாம் ஒரு பர்ஸிலும், தேனீயிலும், ஒரு அம்மாவின் சளிநெஞ்சிலும் இருந்து வந்தவை. துப்பாக்கியால் படத்துக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பேய் அறையில் எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வருகிறதே, கிராஃபிக்ஸா? (வாசகர், கல்யாண்)

1973இல் ஏது கிராஃபிக்ஸ்? நியூயார்க்கில் படுக்கையறையை செட்டாகப் போட்டு, அந்த செட்டையே குளிர்பதனப் பெட்டி ஆக்கிவிட்டார்கள். உறைநிலைக்கு வெகு கீழே கொண்டுபோவார்கள். விளக்குகளைப் போட்டதும் சூடு ஏறும், கொஞ்ச நேரத்தில் ஆவி நின்றுவிடும். மறுபடி விளக்கை அணைத்து, குளிரவிட்டு, மறுபடி எடுக்கவேண்டும். யூனிட் ஆட்களுக்குப் பனிக்கோட்டு. பிளேருக்கு மேலே மெல்லிய இரவு உடுப்பு, உள்ளே மட்டும் கம்பளி. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் செட்டுக்குள் லேசாகப் பனியே பெய்திருந்ததாம்.

ஆவி தெரிந்தால் மட்டும் போதாது, குளிரில் குரலும் இறுகும். நாங்கள் ஒரு காஷ்மீர் காட்சிக்கு மே மாதம் அந்தேரியில், சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட 'ஹா... ஹா...' என்று நடுங்கியிருக்கிறோம். கேட்டால் தெரியும், அது குளிர் இல்லை, புழுக்கம்.

மெரின் பாதிரியாராக நடித்த கிழவர் அப்போதே எண்பது இருப்பாரோ? (வாசகி, வாஷி)

மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது 44 வயதுதான். டிக் ஸ்மித் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட சுருக்கங்கள். அந்த ஒப்பனை அவ்வளவு இயல்பாக இருந்ததால் யாருக்கும் அது ஒப்பனை என்றே தெரியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் நடப்பதும் இந்தப் படத்தில் வருவதும் ஒன்றா? திருச்சபை இதை ஒத்துக்கொள்கிறதா? (வாசகர், கோலிவாடா, சயான்)

ஒன்று இல்லை. திருச்சபையில் முறையான பேயோட்டும் சடங்கு என்று தனியாக உண்டு. 1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூலில் இருப்பது. படத்தில் பாதிரியார்கள் படிக்கிற ஜெபங்கள் அந்த மரபில் வந்தவை. 1999இல் வத்திக்கான் அதைத் திருத்தி வெளியிட்டது. ஆயர் வெளிப்படையாக அனுமதி தராமல் எந்தப் பாதிரியாரும் அதைச் செய்ய முடியாது என்பது திருச்சபைச் சட்டம். நோயா என்று முதலில் பார்த்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்றும் உண்டு. படமும் அதை மறைக்கவில்லை. பாதிரியார் காரஸ் மனநல மருத்துவம் படித்தவர், பேய் என்பதை அவரே முதலில் ஏற்கமாட்டார். அதற்கும் முன்னால் மருத்துவமனையில் சிறுமியின் கழுத்தில் ஊசி குத்தி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைப் படம் எடுப்பார்கள். பேய் வந்தபோது கண்ணைத் திறந்துவைத்திருந்த என் மனைவி அந்த ஊசிக்கு மூடிக்கொண்டாள். நடுவில் அந்த இயந்திரம் 'டமார் டமார்' என்று அடிக்கிற சத்தம் இருக்கிறதே, படத்திலேயே கொடூரமான சத்தம் எனக்கு அதுதான்.

புளியம்பட்டிக்கு ஒன்பது வயதில் ஆச்சியோடு போயிருக்கிறேன். பேய் பிடித்ததாகச் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் நாள்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பார்கள். ராத்திரி ஒரு பெண் தலையை விரித்துப்போட்டுச் சுழற்றினாள். முகம் எனக்கு ஞாபகமில்லை. கண்ணாடி வளையல்கள் கல்தரையில் அடித்து அடித்து ஒவ்வொன்றாக உடைந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் அதே பெண் எங்களிடம் வந்து, கம்மிப்போன குரலில், "ஆச்சி, கொஞ்சம் வெந்நி இருக்கா?" என்று கேட்டாள். ஆச்சி ஃபிளாஸ்கை அப்படியே கொடுத்துவிட்டாள். அந்தக் குரல் எந்தப் படத்திலும் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது என்று கேட்டிருந்தால், கோயிலுக்குப் போவது உங்கள் விருப்பம், மனநல மருத்துவரிடம் போவது கட்டாயம்.

அந்தப் பியானோ இசையைப் போட்டவர் யார்? கேட்டாலே உடம்பு சில்லிடுகிறது. (வாசகி, செட்டா நகர், செம்பூர்)

பேய்ப்படத்துக்கென்று போட்டதே இல்லை அது. லாலோ ஷிஃப்ரின் என்ற பெரிய இசையமைப்பாளர்தான் முதலில் இசை அமைத்தார். ஃப்ரீட்கினுக்குப் பிடிக்கவில்லை, ஒலிநாடாவைத் தூக்கி வெளியே எறிந்தார் என்பது பிரசித்தமான கதை. பிறகு ஏற்கெனவே இருந்த இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கினார். போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கியின் துண்டுகள் சில. அதோடு மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்', 1973 மே மாதம் வெளிவந்த இசைத்தட்டு. அப்போது அந்தப் பையனுக்கு 20 வயது. வர்ஜின் என்ற புதுக் கம்பெனியின் முதல் வெளியீடு. படத்தில் அது வருவது மிகக் கொஞ்ச நேரம்தான். ஒரு சாதாரணப் பகலில், அந்த அம்மா தெருவில் நடந்து வீட்டுக்குப் போகும்போது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பியானோவைக் கேட்கிற யாருக்கும் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஏன் சில்லிடுகிறது என்பதற்கு எங்கள் மாடியில் குடியிருக்கிற மிருதங்கக்காரர் ஒரு காரணம் சொன்னார். சபாக் கச்சேரிகளில் வாசிப்பவர். தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏழும் எட்டும் சார். பதினைந்தில் சுற்றி வருது. ஒவ்வொரு தடவையும் காது பதினாறை எதிர்பார்க்கும், அரை அடி முன்னாடியே திரும்பிடும்" என்றார். படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் கால் வெறும் காற்றில் பதறுமே, அந்த மாதிரி.

என் மகள் வாஷிங்டனில் இருக்கிறாள். அந்தப் படிக்கட்டு இப்போதும் இருக்கிறதா? (வாசகர், மாட்டுங்கா)

இருக்கிறது. படத்தின் முடிவில் பாதிரியார் காரஸ் ஜன்னலிலிருந்து குதித்து உருண்டு விழுகிற படிக்கட்டு. ஜார்ஜ்டவுனில் புரோஸ்பெக்ட் தெருவிலிருந்து எம் தெருவுக்கு இறங்கும் 75 படிகள். 2015இல் நினைவுப் பலகையும் வைத்தார்கள். மகள் அங்கே போய், ஜன்னலிலிருந்து குதித்தால் படியில் விழ முடியாதே என்று குழம்புவாள். நிஜ வீட்டின் ஜன்னல் படிக்கட்டிலிருந்து எட்டத்தான் இருக்கிறது. படத்துக்காக வீட்டின் பக்கத்தில் பொய்யாக ஒரு பகுதியை நீட்டிக் கட்டினார்கள். படிகளில் ரப்பர் ஒட்டி, சண்டைக்காரர் ஒருவரை உருளவிட்டார்கள். ரப்பரில் உருண்டால் கல்லில் உருளும் சத்தம் வராது, அதைப் பிறகுதான் போட்டிருக்கவேண்டும். இதெல்லாம் எனக்கு மட்டும் தோன்றுகிற கவலை.

உங்களுக்குப் பயமே வந்ததில்லையா? (ஒரே வரியில் அஞ்சலட்டை, ஊர் இல்லை)

1986. அன்டாப் ஹில்லில் நண்பன் வீடு. ஒரு ராத்திரிக்கு வி.சி.ஆரும் கலர் டிவியும் வாடகைக்கு. உள்ளறையில் பெரியவர்கள் தூங்கியதால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தோம். ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு பிள்ளைக்கு மூஞ்சியில் சேற்றை அப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மறுவாரம் அதே கேசட்டை எங்கள் ரெக்கார்டிங் தியேட்டரில் ஒரு இன்ஜினியர் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். நான் தைரியமாகத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெக்கேம்பிரிட்ஜ் பேச ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே வந்தவன், டீக்கடை மூடுகிற வரைக்கும் திரும்பவில்லை.

அந்த வருஷம் அந்தப் படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரை வந்ததில் இரண்டுதான் கிடைத்தன என்று குறைப்படுவார்கள். ஒன்று பிளாட்டியின் திரைக்கதைக்கு. இன்னொன்று ஒலிக்கு. எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்லூரி நாடகத்தில் ஒரு பேய்க் காட்சி இருக்கிறது. உங்கள் பர்ஸ் சத்தத்தைப் பதிவு செய்து தருவீர்களா சார்? (மாணவி, மாட்டுங்கா)

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், முகவரியைப் பத்திரிகை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்கை நீங்கள் கொண்டுவர வேண்டும், செல்போன் மைக் ஆகாது. பர்ஸ் என்னிடம் இருக்கிறது. திருகுவது நீங்களே திருகலாம், மெதுவாக. உள்ளே இருக்கிற ரயில் பாஸை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது.